பசியா, தலையெழுத்தா?

வகுப்பில் ஒரு பிள்ளை தூங்கி வழிந்தால் உபாத்தியாயர் "மக்கு" என்கிறார். வீட்டாரோ "சரஸ்வதி கடாட்சமில்லை, தலையெழுத்து" என்கிறார்கள். பிரம்பும் வசவும் கூடாதென்று 2009-ல் சட்டமே வந்தது. வசவு மட்டும் ஓய்ந்தபாடில்லை. காலையில் அப்பிள்ளை என்ன சாப்பிட்டதென்று கேட்டவர் எத்தனை பேர் என்று கேட்கிறோம்.

1920-ல் தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை நகரசபை ஆயிரம்விளக்குப் பள்ளியில் பகலுணவு போட்டது. பிள்ளைகள் வருகை ஏறிற்று. 1956-ல் காமராஜர் அதை மாநிலமெங்கும் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். விரித்தார். 2022-ல் காலை உணவும் வந்தது. தோழர்களே, இதில் எந்தச் சோற்றுப் பருக்கையில் சரஸ்வதி இருந்தாள்?

நிற்க, சோறு போட்டால் மட்டும் போதாது. பசித்தால் எரிச்சல் வரும், தூக்கம் கெட்டால் கணக்கு ஏறாது, அடக்கினால் பாடத்தில் மனம் நில்லாது என்பதைப் பிள்ளைகளுக்கே விளங்கச் சொல்ல வேண்டும். கக்கூசுக்குப் பயந்து பகலெல்லாம் தண்ணீர் குடியாத பெண் குழந்தைகள் இருக்கிறார்கள். (கோவிலுக்குக் கோபுரம் எழுப்பும் ஊர்ப் பெரியவர்கள் இதற்கு ஒரு கதவு போட்டால் தெய்வம் கோபிக்குமா?) தன் தலைவலி தாகத்தால் வந்ததென்று தெரிந்த குழந்தை விதியை நொந்துகொள்ளாது, எழுந்து தண்ணீர் கேட்கும். அப்படிக் கேட்கும் குழந்தையை "அதிகப்பிரசங்கி" என்று உட்கார வைக்கும் உபாத்தியாயருக்குத்தான் முதலில் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது.