மடியில் கனமில்லாதவனையும் மறிக்கும் ஏடு

"மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமெதற்கு?" கைது, வழக்குப் பதிவுகளை அழிக்க வேண்டும் என்று யாராவது வாயெடுத்தால் போதும், தொலைக்காட்சி விவாதத்தில் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். மற்றவர்களும் தலையாட்டுவார்கள். பல வருடங்களாக இதைக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் மிஞ்சியிருக்கிறது.

மடியில் கனமில்லாதவனின் கதை எப்படிப் போகிறது என்று பார்ப்போம். வரப்புத் தகராறு. பக்கத்துக் காட்டுக்காரர் கொடுத்த புகாரில் அப்பா, சித்தப்பா பெயரோடு, அன்று கல்லூரியில் இருந்த பையனின் பெயரும் ஏறிவிடுகிறது. பிரிவுகள் 294(பி), 323, 506(1): கெட்ட வார்த்தை பேசியது, கையால் அடித்தது, மிரட்டியது. இந்திய தண்டனைச் சட்டம் நடப்பில் இருந்தவரை நம் காவல் நிலையங்களில் இந்த மூன்றும் சேர்ந்தே எழுதப்பட்டன. பிறகு ஊர்ப் பெரியவர்கள் பேசி இரு வீட்டையும் சமாதானம் செய்கிறார்கள். புகார் கொடுத்தவர் கூண்டேறி, தான் எதையும் பார்க்கவில்லை என்கிறார். அவர் பிறழ்சாட்சி ஆகிறார். பையன் விடுதலை ஆகிறான்.

அதே பையன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்திலும் ஓட்டத்திலும் கயிறேற்றத்திலும் தேறி வருகிறான். பின்னணி விசாரிக்கும்போது பழைய குற்ற எண் கிடைக்கிறது. அவ்வளவுதான், வேலை போய்விட்டது. இதை ஏதோ ஒரு அதிகாரியின் கெடுபிடி என்று நினைக்க வேண்டாம். விதியே அப்படித்தான் சொல்கிறது. தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி)-யின் விளக்கத்தைப் படியுங்கள். சந்தேகத்தின் பலனாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலையானவர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இதை ஏற்றுக்கொண்டது. 'கவுரவமான விடுதலை' கிடைத்தவருக்கு மட்டும் கதவு திறக்கும். வழக்கு அப்படி முடிவதற்குள் ஆள் தேர்வு முடிந்திருந்தால், அவரும் அடுத்த தேர்வுக்குத்தான் வர வேண்டும். அதற்குள் வயது வரம்பு அவரைத் தாண்டிப் போய்விடலாம்.

'கவுரவமான விடுதலை' என்று ஒன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்ததே இல்லை. தமிழ்நாட்டுக் காவலர் ஒருவரின் வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொன்னது. நம் நீதித்துறை நடுவர்கள் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில், சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து விடுதலை செய்வதாக வழக்கமாக எழுதும் வரி ஒன்று உண்டு. அதை மாற்றி எழுதச் சொல்லி, விடுதலையான மகிழ்ச்சியில் வீட்டுக்குப் புறப்படும் எந்தப் பையன் கேட்பான்? அந்த ஒரு வரி தன் வாழ்க்கையை மறிக்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

நெருப்பில்லாமல் புகையுமா என்பது அடுத்த வாதம். கூடங்குளத்தைச் சுற்றிய கடலோர ஊர்களைக் கேளுங்கள். அணு உலையை எதிர்த்த ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் போட்டார்கள். அவற்றைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

பதிவை அழிக்கத்தான் 2022-இல் சட்டம் வந்துவிட்டதே என்பார்கள். அந்த அடையாளச் சட்டம் விரல்ரேகை, கருவிழிப் பதிவு போன்றவற்றை 75 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையானால் அவற்றை அழிக்கவும் சொல்கிறது. ஆனால் முதல் தகவல் அறிக்கையை அது தொடவில்லை. இணையத்தில் கிடக்கும் தீர்ப்பையும் தொடவில்லை. 2014-இல் மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர், தீர்ப்பில் தன் பெயரை மறைக்கும்படி கேட்டார். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. 2024 பிப்ரவரியில் மதுரை அமர்வு ஏற்றது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்கும் தடை விதித்தது.

குற்றவாளிகள் தப்பித்துவிடுவார்கள் என்கிறார்களே, நான் பேசுவது நீதிமன்றம் விடுவித்தவர்களைப் பற்றி மட்டும்தான். சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, கொடுங்குற்றங்களில் சிலவற்றைத் தவிர, குற்றம் செய்ததாக முடிவான சிறுவனின் பதிவைக்கூடக் குறித்த காலத்துக்குப் பின் அழிக்கச் சொல்கிறது. அது நல்ல சட்டம். குற்றம் நிரூபிக்கப்பட்ட சிறுவனுக்குக் கிடைக்கும் அந்த நியாயம், நிரூபிக்கப்படாத இருபது வயதுப் பையனுக்கு ஏன் இல்லை?

14(பி) விளக்கத்தை நீக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. அது மாநில அரசு எழுதிய விதி. மாநில அரசே திருத்தலாம். அடுத்த காவலர் தேர்வு அறிவிப்பு வெளிவரும் முன் திருத்துங்கள்.