முதியோரைத் தூக்கும் பணியாளரின் முதுகு: குடும்பத்தினர் அறிய வேண்டியவை

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் உள்ள பராமரிப்பு இல்லம் ஒன்றில் உங்கள் தாயையோ தந்தையையோ நீங்கள் சேர்த்திருக்கலாம். வீட்டிலேயே உதவியாளர் ஒருவரை அமர்த்தியும் இருக்கலாம். எவ்வாறாயினும், அவரைக் கட்டிலிலிருந்து எழுப்புதல், சக்கர நாற்காலியில் அமர்த்துதல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், மீண்டும் படுக்க வைத்தல் ஆகிய பணிகள் நாள்தோறும் பலமுறை நிகழ்கின்றன. இப்பணிகளைச் செய்பவரின் முதுகு காயமுறுவது அவருடைய துன்பம் மட்டுமன்று. தூக்கும் நடுவில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் கீழே விழுபவர் உங்கள் பெற்றோர்.

இப்போது இது ஏன் முக்கியம்?

2021ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் 13.6 விழுக்காடு என ஒன்றியப் புள்ளியியல் அமைச்சகம் மதிப்பிட்டது. 2031இல் இது 18.2 விழுக்காடாக உயரும் என்பது அதன் கணிப்பு. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஆயினும் நோய் தணிந்து மருத்துவமனையிலிருந்து திரும்பியபின், அன்றாடப் பராமரிப்பு இல்லங்களிலும் வீடுகளிலுமே நடைபெறுகிறது. இவற்றில் பல, குடியிருப்புக்கெனக் கட்டப்பட்டவை. குறுகலான குளியலறை, வாசற்படி, தாழ்வான கட்டில், மின்தூக்கி இல்லாத மாடி ஆகியவை தூக்கும் வேலையை மேலும் கடினமாக்குகின்றன.

காயம் எவ்வாறு ஏற்படுகிறது?

“முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தித் தூக்கினால் போதும்” என்று பலரும் கூறுவர். பெட்டியைத் தூக்குவதற்கு இது பொருந்தும். மனித உடலோ பெட்டி அன்று. அதற்குக் கைப்பிடி இல்லை. நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க இயலாது. அச்சத்தில் திடீரெனத் திமிறும். கால்கள் தளர்ந்து எடை முழுவதும் ஒரு நொடியில் இறங்கும். குனிந்த நிலையில் உடலைத் திருப்பித் தூக்கும்போது இடுப்புத் தண்டுவட்டுகளின் மீது அழுத்தம் பன்மடங்காகிறது.

அமெரிக்காவின் தேசியப் பணிப் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிறுவனம், நோயாளியை வெறுங்கையால் கையாளும்போது ஒருவர் தாங்கும் எடை ஏறக்குறைய 16 கிலோவைத் தாண்டக் கூடாது எனப் பரிந்துரைக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் இரு கால்களின் எடையே சுமார் 19 கிலோ. ஆகவே முழு உடலையும் ஒருவரே தூக்குவது, எத்தகைய பயிற்சி பெற்றவருக்கும் பாதுகாப்பானதன்று. மருந்துக் கடைகளில் கிடைக்கும் இடுப்பு பெல்ட்டை அணிந்தால் காயம் வராது என்ற நம்பிக்கைக்கும் போதிய ஆதாரம் இல்லை. தூக்கும் எடையைக் குறைப்பதே உண்மையான பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

தியாகராய நகர்த் துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்று வேலை செய்வோரின் உடல்நலம் பேசுபொருளாகி, கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வழங்குவதைக் கட்டாயமாக்கும் சட்டத்திருத்தம் 2021இல் தமிழ்நாட்டில் நிறைவேறியது. அதே தெருக்களுக்கு அருகில் முதியோரைத் தூக்குவோருக்கு அத்தகைய தனி ஏற்பாடு இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, காயம் விளைவிக்கும் இடர்கள் இல்லாத பணியிடத்தை வழங்குவது முதலாளியின் கடமை என்கிறது. எனினும் அது பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே பொருந்தும். சிறிய இல்லங்களும் வீட்டு உதவியாளர்களும் பெரும்பாலும் இதற்கு வெளியே நிற்கின்றனர். பிரிட்டனில் 1993 முதல் நடப்பில் உள்ள விதிகள், ஆபத்தான கைத்தூக்கலை இயன்றவரை தவிர்க்குமாறு முதலாளியைப் பணிக்கின்றன. இங்கு அந்த இடைவெளியை நிரப்பும் வாய்ப்பு, கட்டணம் செலுத்தும் குடும்பத்தினரிடம் ஓரளவு உள்ளது.

இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேளுங்கள்

• எழுந்து நிற்க இயலாதவரை இடம் மாற்ற எத்தனை பேர் வருவர்? இரவிலும் அதே ஏற்பாடு உண்டா?
• உயரத்தை மாற்றக்கூடிய கட்டில், வழுக்கு விரிப்பு, பிடிகள் கொண்ட இடுப்புப் பட்டை, தூக்கும் கருவி ஆகியவற்றுள் எவை உள்ளன? பணியாளர்கள் அவற்றைப் பயன்படுத்தப் பழகியுள்ளனரா?
• கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி உள்ளதா? சக்கர நாற்காலி உள்ளே செல்லுமா?
• பணியாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீடு உண்டா? மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறுவோர், சட்டம் பொருந்தும் நிறுவனங்களில் இதற்கு உரியவர்கள்.
• மழைக்காலத்தில் மின்சாரம் நின்று மின்தூக்கி இயங்காவிட்டால், மாடியில் உள்ளோரை எவ்வாறு இறக்குவர்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலைக் கண்ட நகருக்கு இது வெறும் கற்பனை அன்று.

இடம் மாற்றும்போது

முதியவரால் இயன்றதை அவரையே செய்ய விடுங்கள். கட்டில் விளிம்பில் அமர்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னிழுத்து, முன்புறம் சாய்ந்து, “ஒன்று, இரண்டு, மூன்று” என்ற எண்ணிக்கையுடன் எழுந்தால், உதவியாளரின் சுமை வெகுவாகக் குறையும். சக்கர நாற்காலியை அவருடைய வலுவான பக்கத்தில் நிறுத்தி பிரேக்கை இடுங்கள். அக்குளைப் பிடித்துத் தூக்குவதும், பக்கவாதத்தால் தளர்ந்த கையைப் பிடித்து இழுப்பதும் தோள்மூட்டைப் பாதிக்கும். உதவியாளரின் கழுத்தைக் கட்டிப் பிடிக்க விடக் கூடாது.

“ஆள் வரும் வரை ஏன் காத்திருக்க வேண்டும், சட்டென்று தூக்கிவிடுங்கள்” என்று உறவினர் அவசரப்படுத்துவதும் காயத்திற்கு ஒரு காரணமே. இரண்டாவது ஆள் வரும் வரை காத்திருப்பது அலட்சியம் அன்று.

முதியவர் விழத் தொடங்கினால் இழுத்துப் பிடிக்க முயலாமல், தலையைக் காத்து மெல்லத் தரையில் அமர விடுங்கள். உடனே தூக்க வேண்டாம். இடுப்பில் கடும் வலி, கால் குட்டையாகத் தோன்றுதல், தலைக் காயம், மயக்கம் இருப்பின் 108ஐ அழையுங்கள்.

பராமரிப்பவருக்கு வலி வந்தால்

வலி முழங்காலுக்குக் கீழே பரவினாலோ, காலில் மரத்துப்போதல் அல்லது வலுக்குறைவு இருந்தாலோ மருத்துவரை அணுக வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல், சிறுநீர் கழிக்க இயலாமை, தொடையிடுக்கில் உணர்விழத்தல் ஆகியவை அவசரநிலை. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டில் பராமரிப்போர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வரும் இயன்முறை சிகிச்சையாளரிடம், உங்கள் கட்டிலிலும் உங்கள் குளியலறையிலும் இடம் மாற்றும் முறையைச் செய்துகாட்டுமாறு கேளுங்கள். முதியோர் நலன் தொடர்பான உதவிக்கு 14567 என்ற எண்ணை அழைக்கலாம். அடுத்த முறை இல்லத்திற்குச் செல்லும்போது, உங்கள் பெற்றோரின் நலத்தை விசாரித்தபின், அவரைத் தூக்குபவரிடம் “உங்களுக்கு முதுகு வலி உண்டா?” என்றும் ஒருமுறை கேளுங்கள்.