இரவில் பூட்டிக் கிடக்கும் எக்கோ அறை

ஆசிரியர் அவர்களுக்கு,

நெஞ்சுவலி நேரம் பார்த்து வருவதில்லை. எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ அறையோ மாலையானால் பூட்டப்படுகிறது. சென்ற மாதம் ஓர் இரவு, நெஞ்சில் பாரமும் வியர்வையுமாகத் தவித்த என் அண்ணியை அங்கே கொண்டுபோனோம். ஒரே ஒரு இசிஜி எடுத்தார்கள். "நார்மல்தான், வாயுவாக இருக்கும்" என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறோர் இடத்தில் எடுத்த எக்கோவில், இதயத்தின் பின்சுவர் சரியாகச் சுருங்கவில்லை என்று தெரிந்தது. வந்திருந்தது மாரடைப்பு. உயிர் பிழைத்தார், ஆனால் இதயத் தசையின் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது.

முதல் இசிஜி சீராக இருப்பதால் மட்டும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. பின்சுவருக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் வழக்கமான இசிஜியில் அது தப்பிவிடக்கூடும். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் தொடக்க மணிநேரங்களில் ஒன்றும் காட்டாமல் போகலாம். ரத்தம் கிடைக்காத தசை சுருங்கத் தடுமாறுவதை எக்கோ பெரும்பாலும் அப்போதே காட்டிவிடும். மகாதமனிக் கிழிசலும் மாரடைப்பைப் போலவே வலிக்கும். அதற்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தச் சந்தேகத்தையும் எக்கோ எழுப்பும், சிடி ஸ்கேன் உறுதிசெய்யும். எக்கோவில் கதிர்வீச்சு இல்லை. கருவியைக் கட்டிலருகே உருட்டிவந்தே பார்க்கலாம்.

இசிஜியிலேயே மாரடைப்பு தெளிவாகத் தெரிந்தால் எக்கோவுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்பதும் உண்மை. நான் பேசுவது சந்தேகத்தில் நிற்கும் நோயாளிகளைப் பற்றி. 2021இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் வெளியிட்ட நெஞ்சுவலி வழிகாட்டி, நடுத்தர ஆபத்துள்ளவர்களுக்குக் கட்டிலருகே எக்கோ எடுக்கப் பரிந்துரைக்கிறது.

தமிழக அரசு 2023இல் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளைக் கொடுக்க ஏற்பாடு செய்தது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் நோயைக் கண்டுபிடித்தால்தானே மாத்திரை கைக்கு வரும்?

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு என் கோரிக்கைகள் இவை. எக்கோ கருவி உள்ள அரசு மருத்துவமனைகளில் அது 24 மணி நேரமும் இயங்க வேண்டும். அவசரப் பிரிவு மருத்துவர்களுக்கு அடிப்படை எக்கோ பயிற்சி தர வேண்டும். படங்களை உடனுக்குடன் மருத்துவக் கல்லூரி இதயநோய் நிபுணருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வழி செய்ய வேண்டும். எக்கோவும் சிலவேளை நோயைத் தவறவிடும் என்பதால், சந்தேகம் தீரும்வரை நோயாளியை அங்கேயே வைத்து இசிஜியையும் ட்ரோபோனினையும் திரும்ப எடுக்க வேண்டும்.

மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய கருவி பூட்டிய அறைக்குள் இருக்க, நோயாளியை வாயு என்று வீட்டுக்கு அனுப்புவதை இனியும் அனுமதிக்கக் கூடாது. அரசு உடனே ஆணை பிறப்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தென்மாவட்ட வாசகர் ஒருவர்