வேடன் தங்கிய ஊரில் ஓர் இரவு

அக்டோபர் வந்தால் போதும், வெளிநாட்டுச் சொந்தக்காரர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் படங்கள் வரிசை கட்டும். மலைமேல் மரவீடு, சுற்றிலும் சிவந்த இலைகள், வாசலில் ஒரு மான். செங்கல்பட்டுப் பக்கம் இலை சிவக்காது. ஐப்பசி, கார்த்திகை என்றால் அடைமழைதான். ஆனால், அந்த மழைக்குப் பிறகு நிறம் மாறும் மரங்கள் இங்கேயும் உண்டு, வேடந்தாங்கலில்.

திருச்சி நெடுஞ்சாலையில் படாளத்தில் திரும்பினால், வயல்களுக்கு நடுவே அந்த ஏரி. சுமார் 30 ஹெக்டேர்தான். தண்ணீரில் பாதி மூழ்கி நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள், டிசம்பர் வாக்கில் பச்சையே தெரியாமல் வெள்ளையாகிவிடும். நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கூழைக்கடா என்று கிளைக்குக் கிளை கூடுகள். மஞ்சள் மூக்கு நாரையின் வால் பக்கம் மட்டும் ரோஸ் நிறம். வளர்ந்த நாரைக்குக் குரல் கிடையாது. அலகைத் தட்டித்தான் பேசும். சத்தம் போடுவதெல்லாம் குஞ்சுகள்!

இந்த ஊர்க்காரர்களின் பொறுமை சாதாரணமானதல்ல. வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், இங்கே யாரும் சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். பாசம் மட்டுமல்ல, கணக்கும் இருந்தது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனியாக உரம் எதற்கு? இன்றைக்கும் தீபாவளிக்கு இங்கே வெடிச் சத்தம் கேட்காது. ஆசையாகக் கேட்கும் பிள்ளைகளைச் சமாதானப்படுத்தும் அம்மாக்களை நினைத்துப் பாருங்கள்.

2020-ல் சரணாலயத்தின் எல்லையை 5 கிலோமீட்டர் சுற்றளவிலிருந்து 3 ஆகக் குறைக்கும் யோசனை வந்தபோது எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. கிளம்பாதா பின்னே? பறவை தூங்குவது ஏரியில் என்றாலும், இரை தேடுவது சுற்றியுள்ள வயலிலும் குளத்திலும்தானே. 2022-ல் ராம்சர் பட்டியலில் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் இடம்பெற்றன.

காலையில் வந்து மதியமே மாமல்லபுரம் கிளம்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். பாவம், நல்ல காட்சியை விட்டுவிடுகிறார்கள். வனத்துறை ஓய்வு விடுதியில் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு ஓர் இரவு தங்குங்கள். போகும் முன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மழை பொய்த்தால் பறவையும் வராது. மாலை ஐந்து மணிக்குக் கரைக்கு வந்துவிடுங்கள். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாக வீடு திரும்பும். அதே நேரத்தில் எதிர்த்திசையில், நைட் ஷிப்டுக்குப் போவதுபோல் வக்காக்கள் கிளம்பும்.