பாசுரத்துக்கு ஆட்டோமேடிக் நம்பரா?

மார்கழி நெருங்கினால் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், பக்கத்து ஊரான எங்கள் ராஜபாளையத்திலும் டி.டி.பி. செய்பவர்களுக்குத் திருப்பாவைப் புத்தக வேலை வரும். கல்யாண சீசன் என்றால் வாரணமாயிரம். எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் என்று சின்னப் புத்தகங்கள்தான். எண்களைக் கையால் டைப் செய்வானேன், சாப்ட்வேரே போட்டுக்கொள்ளட்டுமே என்று பலரும் 'புல்லட்ஸ் அண்ட் நம்பரிங்' பக்கம் போகிறார்கள். இந்த வேலைக்கு அந்த வசதி உதவாது என்பது என் கருத்து.

காரணம் எளிது. சாப்ட்வேர் பாட்டை எண்ணுவதில்லை, பாராவை எண்ணுகிறது. திருப்பாவைப் பாசுரத்துக்கு எட்டு அடி. ஒவ்வொரு அடி முடிவிலும் என்டர் தட்டினால் முப்பது பாசுரத்துக்கு 240 நம்பர் விழும்! ஷிப்ட் கீயை அழுத்திக்கொண்டு என்டர் தட்டினால் இது சரியாகிவிடும். ஆனால் அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல் ஆரம்பமாகிறது.

திருப்பாவை 30 பாசுரங்கள். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தின் தொடர் எண்ணில் 474 முதல் 503 வரை. ஆண்டாளின் நாச்சியார் திருமொழி 143 பாசுரங்கள். 504 முதல் 646 வரை. அதில் ஆறாம் திருமொழிதான் வாரணமாயிரம். 11 பாசுரங்கள், 556 முதல் 566 வரை. ஆக, வாரணமாயிரத்தின் முதல் பாட்டுக்கு மூன்று எண்கள்: திருமொழி எண் 6, அதற்குள் 1, தொடர் எண் 556. பல பதிப்புகளில் இவற்றில் ஓர் எண்ணைப் பாட்டு முடிகிற இடத்தில் போடுவது வழக்கம். இன்டிசைனில் ஒரு பாரா ஒரு லிஸ்ட்டில்தான் சேர முடியும். நம்பரும் பாராவின் தலையில்தான் வரும், வாலில் வராது.

'ஸ்டார்ட் அட்' கட்டத்தில் 556 என்று கொடுத்துத் தொடங்கலாமே என்பீர்கள். முழுப் பதிகத்தையும் போட்டால் சரி. திருப்பாவையில் 1, 2, 29, 30 ஆகிய நான்கு பாசுரங்கள் மட்டும் போதும் என்று ஒருவர் வந்தால் சாப்ட்வேர் 1, 2, 3, 4 என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும். கோஷ்டியில் ஒரு பெரியவர் இருபத்தொன்பதாம் பாட்டு என்று சொன்னதும், நம் புத்தகத்தை வைத்திருப்பவர் மட்டும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருப்பார். முன்னால் வரும் தனியன்களுக்குக் கணக்கில் எண் கிடையாது. இரண்டு தனியன்களுக்குப் பாசுரத்தின் ஸ்டைலையே கொடுத்துவிட்டால் முதல் பாசுரம் 3 ஆகிவிடும். மார்கழியில் நாளுக்கு ஒரு பாசுரம் என்று படிக்கும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. பாசுர எண் அந்தப் பாட்டின் பெயர் மாதிரி. பக்கத்தில் யார் வந்தாலும் போனாலும் அது மாறக்கூடாது.

இதில் ஒரு வேடிக்கை. 2001-ல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கரில் இந்த வசதி, எண்களை வெறும் எழுத்தாக டைப் செய்துவிட்டு விலகிக்கொள்ளும். நடுவில் ஒரு பாராவை நீக்கினால் மற்ற எண்கள் அப்படியே நிற்கும். இதைப் பெரிய குறை என்று எல்லோரும் சொன்னோம். பாசுர வேலைக்கு அந்தக் குறைதான் நல்லது! 2007-ல் வந்த இன்டிசைன் சி.எஸ்.3-ல் பல நிலை லிஸ்ட் வசதி வந்தது. நம்பர்கள் தாமாக மாறின. ஆனால் அந்த நம்பரை மவுஸால் செலக்ட் செய்ய முடியாது. வேறு சாப்ட்வேருக்கு டெக்ஸ்ட்டைக் காப்பி செய்தால் கூடவே வராது. ஏற்கெனவே இப்படிச் செய்து வைத்திருப்பவர்கள் 'கன்வர்ட் நம்பரிங் டு டெக்ஸ்ட்' கொடுத்து எழுத்தாக மாற்றிவிட்டுப் பிறகு திருத்துங்கள்.

கேள்வித்தாள், சங்க விதிகள், விலைப்பட்டியல் போன்றவற்றுக்கு ஆட்டோமேடிக் நம்பரிங் அருமையான வசதி. அங்கே எண் வெறும் வரிசைதான். அதிலும் பாமினி போன்ற பழைய பாண்ட் என்றால் ஜாக்கிரதை. a, b, c என்று வரவேண்டிய உட்பிரிவுகள் ய, டி, உ என்று அச்சாகும். நம்பருக்கு மட்டும் ஆங்கில பாண்ட்டில் தனி கேரக்டர் ஸ்டைல் கொடுத்துவிட வேண்டும்.

பாசுரங்களுக்கு நான் எண்களைக் கையால்தான் டைப் செய்கிறேன். முடிந்ததும் கடைசி எண்ணில் முதல் எண்ணைக் கழித்து ஒன்றைக் கூட்டுவேன். 566-ல் 556 போக 10, ஒன்று கூட்ட 11. பாட்டுகளை எண்ணினாலும் 11 வந்தால் விட்டுப்போனது எதுவும் இல்லை. யாராவது நாலாயிரம் முழுவதையும் கொண்டுவந்தால், எந்தப் பதிப்பின் எண் வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். சிறிய திருமடலையும் பெரிய திருமடலையும் எத்தனை பாட்டாக எண்ணுவது என்பதில் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு உண்டு. அதற்குப் பிறகு வரும் எண்கள் எல்லாம் அதற்கேற்ப மாறும்.