ஆசிரியர் பயிற்சியில் பருவநிலை மாற்றக் கல்வி தேவையா?

பனிப்பாறை உருகுகிறது, பனிக்கரடி தவிக்கிறது, கடல் மட்டம் உயர்கிறது. பருவநிலை மாற்றம் என்றதும் வகுப்பறையில் சொல்லப்படுவது பெரும்பாலும் இவைதான். பெரம்பலூரிலோ அரியலூரிலோ படிக்கும் மாணவனுக்கு இதில் எது கண்ணில் படும்? தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுவான்.

குறை மாணவனிடம் இல்லை. உலக அளவில் 58,000 ஆசிரியர்களிடம் யுனெஸ்கோ கருத்துக் கேட்டு 2021இல் அறிக்கை வெளியிட்டது. 95 விழுக்காட்டினர் இதைக் கற்பிப்பது முக்கியம் என்றார்கள். கற்பிக்கும் நம்பிக்கை உண்டு என்றவர்கள் 40 விழுக்காட்டுக்கும் குறைவு. பயிற்சியில் சொல்லித் தராததை வகுப்பில் எப்படிச் சொல்வார்கள்?

இத்தனைக்கும் இந்த இரண்டு மாவட்டங்களிலும் பாடம் மண்ணிலேயே கிடக்கிறது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடல். சாத்தனூர் கல்மரம் சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையானது. கல்லங்குறிச்சி சுண்ணாம்புப் பாறையில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்த உயிர்கள் ஓட்டுக்குள் பூட்டிவைத்த கரியைத்தான் சிமெண்ட் ஆலைச் சூளை இன்று காற்றில் விடுகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். சூளையில் எரியும் நிலக்கரியின் கணக்கு தனி.

"அப்போதே கடல் வற்றி நிலமானது, இப்போது மாறினால் என்ன?" என்று ஒரு மாணவன் கேட்பான். நல்ல கேள்வி. அந்த மாற்றத்துக்குப் பல லட்சம் ஆண்டுகள் ஆயின, இப்போதைய வெப்ப உயர்வு சுமார் 150 ஆண்டுகளுக்குள் வந்தது என்று விளக்க ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வகுப்பில் பாதிப் பேரின் அப்பா ஆலையிலோ, சுரங்கத்திலோ, லாரியிலோ வேலை செய்யலாம். ஆலையைத் திட்டினால் பிள்ளை வீட்டுச் சோற்றைத் திட்டியதாகும். பேசாமல் விட்டால் உண்மையை மறைத்ததாகும். சோற்றையும் உண்மையையும் சேர்த்துப் பேசுவதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பருவநிலையைக் காரணம் காட்டுவதும் தவறு. 2018இல் பெரம்பலூர் மக்காச்சோளத்தை அழித்த படைப்புழு அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது, ஆப்பிரிக்கா வழியாகப் பரவியது. எது பருவநிலையால் வந்தது, எது வேறு காரணத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்கச் சொல்லித் தருவதே அறிவியல்.

பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பார்கள். நியாயம்தான். ஆனால் இதற்குத் தடித்த புத்தகம் தேவையில்லை. ஒரு நாள் பாறைகளைப் பார்க்கட்டும். ஒரு நாள் ஊரின் மழைக் கணக்கை எடுத்துப் படிக்கட்டும். ஒரு நாள் மானாவாரி விவசாயிகளிடம் விதைப்புக் காலம் பற்றிக் கேட்கட்டும். பிறகு மூன்றையும் வைத்து ஒரு மாதிரி வகுப்பு எடுக்கட்டும். இதற்கு மதிப்பெண்ணும் உண்டு என்று ஆக்கினால் போதும்.

சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1991இல். அது மாணவர்களுக்கானது. அடுத்த படி ஆசிரியர்களுக்கானது. கீழப்பழுவூரில் இருக்கும் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தைச் சுற்றித்தான் இந்தப் பாறைகளும் ஆலைகளும் இருக்கின்றன. அங்கிருந்தே தொடங்கலாமே!