அப்பாவுக்கு 68 வயசு, வெள்ளியங்கிரி ஏறணுமாம்... விடலாமா?

பிப்ரவரி பிறந்தால் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். "இந்த வருஷம் எப்படியாவது வெள்ளியங்கிரி போயிட்டு வந்துடணும்" என்பார் அப்பா. பத்து வருடமாக சுகர், போதாததற்கு பிபி மாத்திரை. சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கும் பிள்ளைகள் போனிலேயே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்: "இந்த வயசுல எதுக்குப்பா ரிஸ்க்?"

அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இந்தப் பதிலால் ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது. வயதைக் காட்டித் தடுத்தால் பெரியவர் டாக்டரிடம் கேட்காமல், வீட்டில் சொல்லாமல், தெருக்காரர்களோடு வேனில் ஏறிவிடுவார். அதைவிட மோசம், பாதி வழியில் நெஞ்சு அடைத்தாலும் வாயைத் திறக்க மாட்டார். 'அப்பவே சொன்னேன்ல' என்ற பேச்சைக் கேட்க வேண்டுமே!

வெள்ளியங்கிரி சாதாரண மலையில்லை. கோவை பூண்டியில் இருந்து ஏழு மலைகள், ஒரு வழிக்கே சுமார் 6 கி.மீ. படிகள், பாறை, செங்குத்தான ஏற்றம். ரோப்கார் கிடையாது, வண்டி போகாது. ஐந்தாவது மலையில் ஒருவர் மயங்கி விழுந்தால், ஆட்கள் தூக்கித்தான் கீழே கொண்டுவர வேண்டும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அர்த்தம் புரியும். கடந்த சில சீசன்களில் இங்கே உயிரிழந்தவர்களில் முதியவர்கள் மட்டுமில்லை, இளைஞர்களும் உண்டு. இதய நோய், மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறையும் சொல்லிவருகிறது. ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'வயசு என்ன' என்பதில்லை. 'உடம்பில் என்ன இருக்கு' என்பதுதான்.

ஜப்பானின் யூய்ச்சிரோ மியூரா 2013-ல், 80 வயதில் எவரெஸ்ட் ஏறினார். அதற்கு முன் இதயத் துடிப்புக் கோளாறுக்காகச் சிகிச்சைகள் எடுத்தவர் அவர். இந்தக் கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பி 'மனசு இருந்தா போதும்' என்பவர்கள், அடுத்த பாதியைச் சொல்வதில்லை. 2019-ல், 86 வயதில் தென் அமெரிக்காவின் அகோன்காகுவா மலைக்குப் போனார். இதயம் தாங்காது என்று குழுவின் டாக்டர் சொன்னதும் பாதியிலேயே இறங்கிவிட்டார். 2023-ல், 90 வயதில், 3,776 மீட்டர் உயர ஃபூஜி மலை உச்சிக்குச் சக்கர நாற்காலியில் மற்றவர்கள் உதவியோடு போய்ச் சேர்ந்தார். எவரெஸ்ட்டைவிட இந்த இரண்டு முடிவுகள்தான் நம் அப்பாக்களுக்குப் பாடம்.

சரி, எதைப் பார்ப்பது? இரண்டு மாடி நிற்காமல் ஏறும்போதே நெஞ்சு இறுகினாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, இதயப் பரிசோதனை முடியாமல் மலைப் பேச்சே வேண்டாம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பிபி கட்டுக்குள் வராதவர்கள் கதையும் அதுதான். சுகர்காரர்களுக்கு இன்னொரு சிக்கல்: மாரடைப்பு வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். திடீர் வியர்வை, காரணமில்லாத களைப்பு, மூச்சிரைப்பு மட்டும் இருக்கும். 'ஏறுற களைப்புதான்' என்று விட்டுவிடுவார்கள்.

அதேபோல, சாமி பார்த்துவிட்டுத்தான் சாப்பாடு என்ற பழக்கம். சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டு வெறும் வயிற்றில் ஏறினால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கி மயக்கம் வரும். எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்க வேண்டும்.

ஸ்மார்ட்வாட்ச் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். பிபிக்கோ இதயத்துக்கோ தரும் 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரைகள் நாடித்துடிப்பை ஏற விடாது. வாட்ச்சில் எண் குறைவாகத் தெரிந்தாலும் உடம்பு திணறிக்கொண்டிருக்கலாம். பேச்சுதான் சரியான மீட்டர். இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச முடியாவிட்டால் உட்கார வேண்டும். உட்கார்ந்தும் சரியாகவில்லை என்றால் இறங்க வேண்டும்.

கூடப் போகும் இளசுகள் செய்கிற தவறு ஒன்று உண்டு. விறுவிறுவென்று முன்னால் ஏறி, மேலே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டே காத்திருப்பார்கள். பெரியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், 'போலாமா?' என்று எழுந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஓய்வு, அவருக்கு இல்லை. குழுவில் மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும்.

வெள்ளியங்கிரி முடியாது என்று டாக்டர் சொன்னால்? பழனியில் கிட்டத்தட்ட 700 படிகள். ஒரு மாடிக்கு 20 படி என்று வைத்தால் 35 மாடி. அங்கே வின்ச்சும் ரோப்காரும் இருக்கின்றன. 1,305 படிகள் கொண்ட சோளிங்கருக்கும், 1,017 படிகள் கொண்ட அய்யர்மலைக்கும் 2024-ல் ரோப்கார் வந்துவிட்டது. மனசு கேட்காதவர்கள் நிதானமாக ஏறிவிட்டு, ரோப்காரில் இறங்கலாம். ஏற்றம் இதயத்துக்கு வேலை என்றால், இறக்கம் மூட்டுக்கு. களைத்த காலில் சறுக்கி விழுவதும் இறங்கும்போதுதான். காற்று பலமாக இருந்தாலும் பராமரிப்பு நாட்களிலும் ரோப்கார் ஓடாது என்பதால், டிக்கெட் போடும் முன் கோயிலுக்கு ஒரு போன் அடித்துவிடுங்கள்.